குறையோடு காதலிப்பவர்கள்: இன்றைய கே ரொமான்ஸ் நாவல்களை வாசிக்க ஒரு கையேடு

ஒரு நாவலில் இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள் என்பதாலேயே அது கே ரொமான்ஸ் ஆகிவிடாது. இணையக் கடைகளின் பட்டியலில் எல்லாம் கலந்தே வரும். ஆனால் ரொமான்ஸ் என்ற வகைக்குத் தனி இலக்கணம் உண்டு. காதல் கதைதான் மையம். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வகுத்துவைத்த இலக்கணமும் இந்த இரண்டு விதிகள்தான். முடிவை வாசகர்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஹெச்.இ.ஏ. (ஹேப்பிலி எவர் ஆஃப்டர்) என்றால் கடைசிவரை சேர்ந்து வாழப்போகிறார்கள் என்பது உறுதி. ஹெச்.எஃப்.என். (ஹேப்பி ஃபார் நவ்) என்றால் இப்போதைக்கு நன்றாக இருக்கிறார்கள், மற்றது போகப்போகத் தெரியும். விமர்சனங்களில் இந்த எழுத்துகள் அடிக்கடி தட்டுப்படும்.

இது தெரியாமல் ஜேம்ஸ் பால்ட்வினின் ‘ஜியோவன்னிஸ் ரூம்’ நாவலை இனிய காதல் கதை என்று நினைத்து எடுப்பவர்கள் உண்டு. 1956இல் வந்த மகத்தான நாவல் அது. தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் ஒருவனை அவ்வளவு கூர்மையாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் ஜியோவன்னி கில்லட்டினில் சாகப்போகிறான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அதை ரொமான்ஸ் என்று எண்ணிப் படித்தால் ஏமாற்றம். ரொமான்ஸ் நாவலை இப்படி ஒரு துயர நாவலை எதிர்பார்த்துப் படித்தாலும் ஏமாற்றம்தான்.

முடிவு முன்பே தெரிந்தால் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்த வகையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913-14இல் எழுதினார். இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாகத்தான் முடிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தூக்குக் கயிற்றிலோ தற்கொலையிலோ முடித்திருந்தால் வெளியிடுவதில் சிக்கல் இருந்திருக்காது என்று பின்னர் ஒரு குறிப்பில் கசப்போடு எழுதினார். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டம் பகுதியளவு தளர்ந்தது 1967இல். நாவல் அச்சேறியது 1971இல், ஆசிரியர் இறந்த மறு ஆண்டு. ஆகவே இந்த வகையில் நல்ல முடிவை வெறும் சர்க்கரைப் பூச்சு என்று ஒதுக்க முடியாது. அது நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த ஒன்று. சேருவார்கள் என்பது தெரிந்த பிறகு, இப்படிப்பட்ட இரண்டு பேர் எப்படிச் சேர முடியும் என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் நாவல்களை அடையாளம் காண்பதும், கண்டபின் அவற்றைக் கவனமாக வாசிப்பதும்தான் இங்கே பேச்சு.

குறை எது, அலங்காரம் எது

பின்னட்டையில் ‘குறைகள் நிறைந்த நிஜ மனிதர்கள்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். எல்லாப் பின்னட்டையிலும் அதைப் போடுகிறார்கள். நாயகன் காபியைக் கொட்டுகிறான், தாமதமாக வருகிறான், வேலையே கதி என்று கிடக்கிறான் என்பதெல்லாம் அலங்காரம். அதனால் யாருக்கும் நட்டமில்லை. குறை என்றால் அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்த விலையில் பாதியையாவது எதிரில் இருப்பவன் கொடுக்க வேண்டும். பொறாமையில் துணைவனின் போனை எடுத்துப் பார்ப்பது, பயத்தில் நண்பர்கள் முன் அவனைத் தெரியாதவன்போல நடத்துவது, பணக் கணக்கை மறைப்பது, சண்டை வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பது. இவையெல்லாம் குறைகள்.

சோகமான கடந்தகாலமும் குறை ஆகாது. அப்பா விட்டுப்போனார் என்பது காயம். அந்தக் காயத்தால் இன்று, இந்த அத்தியாயத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் குறை. காயத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, அவனைப் பொறுமையின் சிகரமாக நடமாடவிடும் நாவல்கள் ஏராளம். அவை நம்மிடம் இரக்கத்தை மட்டும் கேட்கின்றன.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஆண்-ஆண் காதல் கதைகளை எழுதும் பழக்கத்தின் ஒரு வேர், 1970களில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் நடத்திய சிறுபத்திரிகைகளில் வந்த ரசிகர் கதைகளில் இருக்கிறது. அங்கே வளர்ந்த ஒரு வடிவம், ஒருவன் அடிபட்டுக் கிடப்பதும் மற்றவன் தேற்றுவதும். அந்த வடிவத்துக்குத் தனி அழகு உண்டு. ஆனால் அதில் வலி எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். காதலர்கள் ஒருவரையொருவர் காயப்படுத்துவது அதன் இயல்பில் இல்லை. நீங்கள் தேடுவது குறையுள்ள மனிதர்களை என்றால் இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள்.

இன்னொரு வகைப் போலி அண்மையில் பெருகியிருக்கிறது. பாத்திரத்துக்கு மனநல மருத்துவர் சொன்ன ஒரு பெயர் இருக்கும்: பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, இப்படி ஏதோ ஒன்று. பாத்திரங்கள் இருவரும் ஆலோசனை அறையிலிருந்து நேராக வந்தவர்கள்போலப் பேசிக்கொள்வார்கள். சண்டையின் நடுவில் “உன் உணர்வை நான் மதிக்கிறேன், ஆனால் எனக்கு என் எல்லை முக்கியம்” என்று முழு வாக்கியத்தில் பேசுபவர்கள் உலகில் மிகச் சிலர். நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் பாத்திரம் உருவாகிவிட்டது என்று எழுத்தாளர் நினைத்துவிட்டார் என்று பொருள்.

எடுப்பதற்கு முன்

‘ஸ்டோரிகிராஃப்’ என்ற வாசிப்புச் செயலியில், ஒரு நாவலை முடித்தவரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, பாத்திரங்களின் குறைகள் கதையின் மையமா என்பது. வாசகர்களின் பதில்கள் புத்தகப் பக்கத்தில் சதவீதமாகத் தெரியும். நம் நோக்கத்துக்கு இதைவிட நேரடியான வடிகட்டி வேறில்லை. அதே பக்கத்தில் ‘நேசிக்கத்தக்க பாத்திரங்களா’ என்ற கேள்விக்கான பதிலையும் சேர்த்துப் பாருங்கள். குறை மையம் என்று பெரும்பாலோர் சொல்லி, நேசிக்கத்தக்கவர்களா என்பதற்கு ‘சிக்கலானது’ என்ற பதில் கணிசமாக இருந்தால் அந்தப் புத்தகத்தை எடுக்கலாம். இரண்டுக்குமே எல்லோரும் ஆம் என்றிருந்தால், குறை அளவோடு வைக்கப்பட்டது என்று யூகிக்கலாம். தவறாகவும் போகலாம், ஆனால் பெரும்பாலும் சரியாக வரும்.

உள்ளடக்க எச்சரிக்கைகளும் அங்கேயே இருக்கும். கடுமை, நடுத்தரம், சிறிது என்று தரம் பிரித்திருப்பார்கள். குடும்ப வன்முறை, தற்கொலை எண்ணம், தன்பாலீர்ப்பு வெறுப்பு, குடிப்பழக்கம் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கதையைக் கெடுத்துவிடும் என்று தயங்க வேண்டாம். முடிவு எப்படியும் தெரிந்த வகைதானே இது.

கிண்டில் கடையில் இலவச மாதிரி என்று கிடைப்பது பெரும்பாலும் புத்தகத்தின் முதல் பத்து சதவீதம். வாங்குமுன் அதை முழுதாகப் படியுங்கள். மாதச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் இருக்கும் நூல்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுயமாக வெளியிடுபவர்கள் அந்தத் திட்டத்தில் சேர்ந்தால், ஒவ்வொரு 90 நாள் காலத்துக்கும் மின்னூலை வேறு கடைகளில் விற்கக் கூடாது. அந்த நூல்களில் பல லிபி போன்ற நூலகச் செயலிகளில் அகப்படாமல் போவதற்கு இந்தத் திட்டமும் ஒரு காரணம். 2015இலிருந்து அத்திட்டத்தில் எழுத்தாளருக்குப் பணம், வாசகர் படித்த பக்கத்தின் கணக்கில். 300 பக்கக் கதை 500 பக்கமாக இழுபடுவதற்கு இதுவும் ஒரு தூண்டுதல் என்று தயங்காமல் சொல்லலாம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேசிய நூலக வாரிய உறுப்பினர் கணக்கை வைத்து லிபியில் தேடிவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குச் சில முன்னேற்பாடுகள். குடும்பம் முழுக்க ஒரே அமேசான் கணக்கைப் பயன்படுத்தினால் வாங்கிய நூல் எல்லோர் கருவியிலும் பட்டியலில் நிற்கும், ரசீது பொது மின்னஞ்சலுக்குப் போகும். தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிண்டில் கருவி அமைப்புகளில் ‘டிஸ்ப்ளே கவர்’ என்பதை அணைத்துவைத்தால் திரை உறங்கும்போது அட்டைப்படம் தெரியாது. இந்த வகை நூல்களின் அட்டைகள் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே. கிண்டிலை குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்தின் கணக்கோடு இணைத்திருந்தால் அந்த இணைப்பைத் துண்டியுங்கள். படிப்பது என்ன என்பது அங்கே நண்பர்களுக்குத் தெரிய வாய்ப்புண்டு.

எழுதியவர் ஆணா பெண்ணா, அவர் தன்பாலீர்ப்பாளரா என்பதைத் தர அளவுகோலாக்குவது இந்த வாசகர் வட்டத்தில் பழைய வழக்கம். பெண்கள் எழுதியவற்றில் நல்லதும் உண்டு, ஆண்கள் எழுதியவற்றில் குப்பையும் உண்டு. கே இளைஞர்களைப் பற்றி எழுதிய பெக்கி ஆல்பர்ட்டல்லி என்ற எழுத்தாளர், ‘இதை எழுத உனக்கு என்ன உரிமை’ என்ற தொடர் கேள்விகளின் நெருக்கடியில் 2020இல் தான் இருபாலீர்ப்பாளர் என்று பொதுவெளியில் சொல்ல நேர்ந்தது. பிரதியைப் பார்த்தாலே போதும்.

முதல் பத்து சதவீதத்தில் என்ன தேடுவது

இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் 70,000 முதல் 1,00,000 சொற்கள் வரை இருக்கும். நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் 80,000 சொல் நாவல் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் முதல் முக்கால் மணி நேரமே பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது யார் கண்ணில் கதை நகர்கிறது என்பது. இருவர் பார்வையிலும் மாறி மாறி வரும் நாவலில், ஒருவனின் குறையை மற்றவன் எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறான் என்பதை நாம் நேரே பார்க்கலாம். ரேச்சல் ரீடின் ‘ஹீட்டட் ரைவல்ரி’ (2019) இதற்கு நல்ல உதாரணம். எதிரணிகளில் ஆடும் இரண்டு ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் ரகசியமாகச் சந்திக்கிறார்கள். ஷேன் எதையும் முறைப்படி செய்பவன், பயந்தவன். ரஷ்யனான இலியா சீண்டலுக்குப் பின்னால் எல்லாவற்றையும் மறைப்பவன். ஷேன் அத்தியாயத்தில் திமிராகத் தெரிவது இலியா அத்தியாயத்தில் தற்காப்பாகத் தெரியும்.

ஒருவன் மட்டும் சொல்லும் கதை என்றால் வாசிப்பு முறையே மாற வேண்டும். அலெக்ஸிஸ் ஹாலின் ‘பாய்ஃபிரெண்ட் மெட்டீரியல்’ (2020) முழுக்க லூக்கின் குரல். பழைய காதலன் இவனுடைய அந்தரங்கத்தைப் பத்திரிகைக்கு விற்றவன். அதிலிருந்து லூக் யாரையும் நம்புவதில்லை, நம்பாததை நகைச்சுவையால் மூடுகிறான். காதலர்போல நடிக்க ஒப்புக்கொள்ளும் வழக்கறிஞன் ஆலிவர் ஒழுங்கின் உருவமாகத் தெரிகிறான். அப்படித் தெரிவது லூக்கின் கண்ணில். தன்னைக் குப்பை என்று நினைப்பவனுக்கு எதிரில் இருப்பவன் குறையற்றவனாகத் தோன்றுவது இயல்பு. பலர் இந்த நாவலில் ஆலிவர் ‘ரொம்ப நல்லவன்’ என்று சலித்துக்கொள்வது இதைக் கவனிக்காததால். ஆலிவர் எப்போது சாப்பாட்டைக் கட்டுப்படுத்துகிறான், பெற்றோரைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்கிறான் என்று பார்த்துக்கொண்டே போங்கள். அவன் குறை அங்கே முளைத்துக்கொண்டிருக்கும். தன்மையில், அதாவது ‘நான்’ என்று எழுதிய நாவலில், சொல்பவன் கவனிக்காமல் கடந்துபோவதை நாம் கவனித்தாக வேண்டும்.

அப்புறம், வேலை. நாயகனுக்கு மேலதிகாரி, வாடகை, விடுப்பு நாள் இதெல்லாம் இருக்கிறதா? முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் பணம் ஒரு தடவையாவது தடையாக வர வேண்டும். வராவிட்டால் எதார்த்தத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காதலனைத் தவிர வேறு யாருக்காவது அவன் தேவைப்படுகிறானா என்பதும் அப்படித்தான். நண்பர்கள் என்ற பெயரில் அறிவுரை சொல்ல மட்டும் வந்துபோகிறவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான்கு நிறம்

கிண்டில் செயலியில் வரிகளைக் குறிக்க நான்கு நிறங்கள் உண்டு: மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. குறையைத் தடம்பிடிக்க இவை போதும். தன்னிடமே பொய் சொல்லும் இடத்துக்கு மஞ்சள் (“எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை”). அந்தக் குறையால் மற்றவன் காயப்படும் இடத்துக்கு நீலம். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விடும் இடத்துக்கு இளஞ்சிவப்பு. சரிசெய்ய முயலும் இடத்துக்கு ஆரஞ்சு.

ஒரு நாவலுக்கு முப்பது நாற்பது குறிப்புகளுக்கு மேல் வேண்டாம்; அதற்கு மேல் போனால் படிப்பது போய்த் திருத்துவது ஆகிவிடும். முடித்தபின் குறிப்புகளை நிறவாரியாகப் பாருங்கள். மஞ்சளும் நீலமும் முதல் பாதியில் கலந்து வந்து, ஆரஞ்சு நடுவிலேயே தலைகாட்டித் தோற்று, பின் மறுபடி வந்தால் அது மனிதர்களைத் தெரிந்து எழுதிய நாவல். மஞ்சள் நிறைய, நீலம் இல்லவே இல்லை என்றால் வெறும் புலம்பல். ஆரஞ்சு முழுக்கக் கடைசி ஐந்து சதவீதத்தில் குவிந்திருந்தால், எழுத்தாளர் முடிவுக்கு நேரமாகிவிட்டது என்று ஆளைத் திருத்திவிட்டார். அச்சுப் பிரதியில் படிப்பவர்கள் பென்சிலால் ஓரத்தில் ஓர் எழுத்துப் போட்டுக்கொண்டால் போதும்.

படுக்கையறைக் காட்சிகள்

தமிழ் வாசகர்கள் பலர் இவற்றை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். கூச்சம், அல்லது அலுப்பு. சில நாவல்களில் புரட்டுவதால் நட்டமில்லை. நல்ல நாவலில் நட்டம் உண்டு, ஏனென்றால் வாயால் பொய் சொல்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். யார் கேட்கிறான், யார் காத்திருக்கிறான், முடிந்ததும் யார் முதலில் எழுந்து சட்டையைத் தேடுகிறான் என்று பாருங்கள். ‘ஹீட்டட் ரைவல்ரி’யில் உறவு எந்த இடத்தில் மாறியது என்பதைப் பேச்சைவிட இந்தக் காட்சிகள்தான் சொல்கின்றன, அவற்றைத் தாண்டிப் படித்தால் பாதி நாவல் காணாமல் போகும்.

முடியாது என்று தோன்றினால், காட்சி தொடங்கும் பக்கத்தையும் முடியும் பக்கத்தையும் மட்டுமாவது படியுங்கள். காட்சிக்கு முன்னும் பின்னும் அவர்கள் உறவில் எதுவும் மாறவில்லை என்றால் நிம்மதியாகத் தாண்டலாம். முற்றிலும் வேண்டாம் என்பவர்கள் விமர்சனங்களில் ‘குளோஸ்டு டோர்’ என்று குறித்த நாவல்களைத் தேடலாம். கதவு மூடியதோடு காட்சி முடிந்துவிடும்.

டாப், பாட்டம், வெர்ஸ் என்ற சொற்கள் உடலுறவில் எடுக்கும் நிலையைக் குறிப்பவை, அவ்வளவுதான். அதை வைத்து இருவரில் யார் ‘கணவன்’, யார் ‘மனைவி’ என்று பிரித்துப் படிப்பது நம்மூர்ப் பழக்கம். மோசமான சில நாவல்களும் அதைச் செய்கின்றன. பாத்திரத்தைப் புரிந்துகொள்ள அது உதவாது, குழப்பத்தான் செய்யும்.

ஆண்டும் ஊரும்

கதை நடக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ‘பிரெப்’ மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது ஜூலை 2012இல். அதற்கு முந்தைய காலத்துக் கதையில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பதற்றம் இயல்பு. இப்போது நடக்கும் கதையில் யாரும் அந்த மாத்திரையைப் பற்றிப் பேச்சே எடுக்காவிட்டால் அது எழுத்தாளரின் அக்கறையின்மையாக இருக்கலாம். அமெரிக்கா முழுவதும் திருமண உரிமை கிடைத்தது 26 ஜூன் 2015இல். ரஷ்யாவில் தன்பாலீர்ப்பைப் ‘பிரசாரம்’ செய்வதற்கு எதிரான சட்டம் வந்தது 2013இல். இலியா ஏன் ஊருக்குத் திரும்ப அஞ்சுகிறான் என்பதை இதைத் தெரியாமல் படித்தால் வெறும் குடும்பப் பிரச்சினையாகத் தோன்றும்.

மறைந்து வாழ்வதைக் கோழைத்தனம் என்று எடைபோடுவதும், அதையே எப்போதும் நியாயப்படுத்துவதும் இரண்டுமே தவறான வாசிப்பு. இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு தளர்ந்தது 6 செப்டம்பர் 2018இல்தான். திருமண உரிமை 2023 தீர்ப்பிலும் கிடைக்கவில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் அதே உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. இங்கிருந்து படிக்கும் நமக்கு, லண்டனில் இருப்பவன் அம்மாவிடம் சொல்லத் தயங்குவது அற்பமாகவும் தோன்றலாம், நம் கதையாகவும் தோன்றலாம். நாவலுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள்: வெளியே தெரிந்தால் இவன் இழப்பது என்ன? வேலையா, தம்பியின் உறவா, விசாவா? இழப்பு துல்லியமாகச் சொல்லப்பட்டிருந்தால் பயம் நியாயமானது. அப்படியிருந்தும் அந்தப் பயத்தின் விலையைக் காதலன் கொடுக்கிறான் என்பதையும் நாவல் மறக்கக் கூடாது.

பணம், வர்க்கம், சாதி இவற்றையும் இதே கண்ணால் பார்க்கலாம். ஆங்கிலேய, அமெரிக்க நாவல்களில் கோடீஸ்வரனும் கடைச் சிப்பந்தியும் காதலிப்பார்கள். உணவக ரசீது வந்ததும் யார் கை பைக்குப் போகிறது என்பதை எழுதாமல் விட்டுவிடுவார்கள். ஆர். ராஜ் ராவ் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி பாய்ஃபிரெண்ட்’ (2003) அதை விடவில்லை. மும்பையில் வசதியான பத்திரிகையாளன் யுதி, தலித் இளைஞன் மிலிந்த். யுதியின் அன்பும் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதை அந்த நாவல் சங்கடப்படும்படி காட்டுகிறது. ரொமான்ஸ் இலக்கணத்துக்குள் அது அடங்காது. ஆனால் அதைப் படித்த கண்ணோடு கோடீஸ்வரக் காதலுக்குத் திரும்பினால் ஓட்டைகள் தானாகத் தெரியும்.

75 சதவீதத்தில் வரும் பிரிவு

புத்தகத்தின் 75-லிருந்து 85 சதவீதத்துக்குள் காதலர்கள் பிரிவார்கள். அநேகமாக எல்லா ரொமான்ஸ் நாவலிலும் இது உண்டு. இங்கேதான் நாவல் தேர்வு எழுதுகிறது.

கதவுக்குப் பின்னால் பாதி பேச்சைக் கேட்டுவிட்டு மீதியைக் கேட்காமல் ஓடுவது, பழைய காதலன் போனில் கூப்பிட்டதைப் பார்த்துத் தவறாக நினைப்பது எல்லாம் மெகா சீரியலில் வெள்ளிக்கிழமைக்கு வைக்கும் திருப்பம் போல. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அப்படிப் பிரிந்தால், அதுவரை கட்டிய குறைகள் எதற்கும் பயன்படவில்லை என்று பொருள். உங்கள் நீல, இளஞ்சிவப்புக் குறிப்புகளைத் திரும்பிப் பாருங்கள். பிரிவு அவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் பேசாமல் விட்டவன் இந்த முறையும் பேசாமல் விட்டதால் பிரிந்தார்கள் என்றால் அந்தப் பிரிவு ஏற்கெனவே நாவலுக்குள் இருந்தது. படிக்கும்போது எரிச்சல் வரும். ‘அட மடையா’ என்று தோன்றும். அந்த எரிச்சல் நல்ல அறிகுறி; புத்தகத்தை மூடிவிடாதீர்கள். குறையுள்ள பாத்திரங்களைக் கேட்டு வாங்கிவிட்டு, குறை வேலை செய்யும் இடத்தில் நட்சத்திரத்தைக் குறைக்கும் விமர்சனங்களை நிறையப் பார்க்கலாம்.

அடுத்து மன்னிப்பு. விமான நிலையத்தில் ஓடுவது, மேடையில் மைக்கைப் பிடிப்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறானா? ‘ஏனென்றால்’ என்று தொடங்கித் தன் காயத்தைக் காரணம் காட்டுகிறானா? மற்றவன் எதை இழந்தான் என்பது இவனுக்குத் தெரிந்திருக்கிறதா? இல்லை என்று சொல்ல அவனுக்கு இடம் இருக்கிறதா? கூட்டத்துக்கு முன்னால் கேட்கும் மன்னிப்பில் இந்தக் கடைசி இடம் இருப்பதில்லை, காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அதற்குப் பிறகும் ஒன்று பாக்கி. பழைய சிக்கல் வேறு உருவில் மறுபடி வர வேண்டும். இந்த முறை அவன் கொஞ்சமாவது வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் போதும். மூன்று நாள் பேசாமல் இருந்தவன் இந்த முறை ஒரு ராத்திரியில் பேசினால் அது மாற்றம். மன்னிப்போடு முத்தம், முத்தத்தோடு பின்னுரை, பின்னுரையில் மோதிரமும் நாய்க்குட்டியும் என்று தாவிவிடும் நாவல் இந்தக் காட்சியைக் கடன் வைத்துவிடுகிறது. மாத நாவல்களில் திமிர் பிடித்த நாயகன் கல்யாணத்தோடு திருந்திவிடுவதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடன் உறுத்தாது. கொஞ்சம் பழகினால் உறுத்தும்.

தொடராக வரும் நாவல்களில் அந்தக் காட்சி அடுத்த புத்தகத்தில் இருக்கலாம். ‘ஹீட்டட் ரைவல்ரி’ உலகுக்கு அறிவிக்காமலேயே, ஒரு நீண்டகாலத் திட்டத்தோடு முடிகிறது, ஹெச்.எஃப்.என். என்றே சொல்லலாம். அந்த ஜோடியின் மிச்சக் கதை ‘தி லாங் கேம்’ (2022) நாவலில். தொடரின் வரிசையில் ‘ஹீட்டட் ரைவல்ரி’ இரண்டாவது நூல், ‘தி லாங் கேம்’ ஆறாவது. 2025இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபின் புதிதாக வருபவர்கள் இடையில் உள்ள மூன்றையும் இதே ஜோடியின் கதை என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். அவை வேறு ஜோடிகள். இரண்டையும் நேரடியாக அடுத்தடுத்துப் படிக்கலாம், பெரிதாக எதுவும் விட்டுப்போகாது.

நடுவில் நின்றுபோனால்

30 சதவீதம் தாண்டியும் பாத்திரத்தின் மேல் கோபம் மட்டும் இருந்து, அவன் என்ன செய்வான் என்ற ஆர்வம் வரவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் எந்தக் கோபம் என்று பாருங்கள். பாத்திரத்தின் மேலா, எழுத்தாளரின் மேலா? துணைவனைக் கட்டுப்படுத்துபவனை நாவலே காதலாகக் கொண்டாடுகிறது என்றால் அது எழுத்தாளர் மேல் வரவேண்டிய கோபம், நிறுத்துவது சரி. நாவல் அவனைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள், துணைவன் மெல்ல விலகுகிறான் என்றால் 50 சதவீதம் வரை போய்ப் பார்க்கலாம்.

ரொமான்ஸின் உறுதிமொழியே அலுக்கத் தொடங்கினால் பிரையன் வாஷிங்டனின் ‘மெமோரியல்’ (2020) பக்கம் போகலாம். ஹூஸ்டனில் சேர்ந்து வாழும் பென்சனும் மைக்கும். மைக் சாகும் நிலையில் உள்ள அப்பாவைப் பார்க்க ஒசாகா போய்விட, அவன் அம்மாவும் பென்சனும் ஒரே வீட்டில். பேச்சுக்கு மேற்கோள் குறிகள் கிடையாது, முதலில் இருபது பக்கம் திணறும். யார் பேசுகிறார் என்பதை வாக்கியத்தின் தொனியில் பிடிக்கப் பழகிவிட்டால் வேகமாகப் போகும். சேருவார்களா என்ற கேள்விக்கு அங்கே கைமேல் பதில் கிடையாது. அதிலிருந்து ஹெச்.இ.ஏ. நாவலுக்குத் திரும்புபவர்கள், அடுத்த புத்தகத்துக்கு ஸ்டோரிகிராஃபில் அதே குறைக் கேள்வியை வைத்துத் தேடிவிட்டு, மாதிரியைப் படித்து, முதல் மூன்று அத்தியாயத்தில் வாடகை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.